இலங்கையின் கிழக்குக் கரையில், கல்குடாவில் திமிங்கிலம் பார்க்கப் போகிறீர்களா?

முதலில் கரையில் படகுக்காரரோடு பேச வேண்டியதைப் பேசுங்கள். "காட்டினால்தான் காசு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் எண்ணெய்ச் செலவை நினைத்து எந்தத் தம்பியும் விலங்கைத் துரத்தத்தான் செய்வான். இத்தனை மணித்தியாலம் கடலில் நிற்போம், கண்டாலும் காணாவிட்டாலும் இவ்வளவு தருவோம் என்று பேசுங்கள். நானும் படகு வைத்திருப்பவன். இதுதான் எங்களுக்கும் நியாயம், திமிங்கிலத்துக்கும் நியாயம்.

பங்குனி தொடக்கம் ஆவணி வரை எங்கள் கடல் பெரும்பாலும் அமைதி. விடியவே புறப்படுங்கள். வெயில் ஏறினால் கச்சான் காற்று எழும்பிவிடும், பிறகு அலை நுரைக்குள் திமிங்கிலம் மூச்சு விடும்போது பீச்சும் நீர்த்தூவல் தெரியாது. அந்த மூச்சு நேராக உயரமாக எழும்பினால் நீலத் திமிங்கிலம். முன்பக்கம் இடது கையாகச் சரிந்து தெறித்தால் ஸ்பேர்ம் திமிங்கிலம்.

மூச்சைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 2012இல் வந்த ஒழுங்குவிதிப்படி 100 மீற்றருக்குள் படகு போகக்கூடாது. கடலில் தூரம் பிடிபடாது. தென்னந்தோட்டத்தில் ஒரு வரிசையில் பன்னிரண்டு, பதின்மூன்று மரம் தள்ளி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போய் மறிக்கவும் வேண்டாம், பின்னால் விரட்டவும் வேண்டாம். அது போகும் பக்கமாகவே, பக்கவாட்டில் மெல்லப் போகலாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே படகை விடவே கூடாது. அங்கே ஏற்கனவே படகுகள் நின்றால் தள்ளிக் காத்திருங்கள்.

ஸ்பேர்ம் திமிங்கிலம் கணவாய் தேடி ஆழத்துக்குப் போனால் முக்கால் மணித்தியாலம்கூட மூச்சடக்கும். அதற்கு முன்னால் மேலே கொஞ்சநேரம் கிடந்து மூச்சு வாங்கியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து இஞ்சினை முறுக்கிக்கொண்டு நெருங்கினால் பாதி மூச்சோடு தாழ்ந்துவிடும். ஒரு படத்துக்காக அதன் சாப்பாட்டைக் கெடுப்பது பெரிய பாவம். வாலைத் தூக்கித் தாழ்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள், தேடித் திரிய வேண்டாம்.

டொல்பின்கள் தாங்களாகவே படகுக்கு முன்னால் வந்து விளையாடும். ஒரே வேகத்தில் போனால் போதும். தண்ணீரில் குதிக்காதீர்கள்.

சாப்பாட்டைச் சொப்பிங் பேக்கில் கொண்டுவராமல் டப்பாவில் கொண்டுவாருங்கள். அறுந்த நைலோன் வலை மிதந்தால், உள்ளே உயிர் எதுவும் இல்லையென்று பார்த்து, படகில் ஏற்றச் சொல்லுங்கள். ஆமையோ டொல்பினோ சிக்கியிருந்தால் நீங்களாக வெட்டி விடுவிக்க இறங்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ கடற்படைக்கோ படகிலிருந்தே அறிவிக்கச் சொல்லுங்கள். ஆட்கள் வரும்வரை இஞ்சினை நிறுத்தி, தள்ளி நில்லுங்கள்.