சென்னையில் வாடகை வீட்டுக்கு ஏரியா தேடுகிறீர்களா?

வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிறதா, போர்வெல் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி தண்ணீர் வாங்க வேண்டி வருமா, அந்தச் செலவு யாருடையது? இதையெல்லாம் புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனை மளிகைக் கடையிலும் இஸ்திரி போடும் அண்ணனிடமும் கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள்.

அப்புறம் மழை. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் பார்க்கிறீர்கள் என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டே ஆக வேண்டும். ஒரே ஏரியாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும். காம்பவுண்டு சுவரில் பழைய கறைக்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். இந்தப் பகுதிகளில் தரைத்தளம் வேண்டவே வேண்டாம், வாடகை இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வேலை நாளில் காலை 8.30 மணிக்கு அங்கிருந்து அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கிண்டி, பரங்கிமலை மாதிரி மின்சார ரயிலும் மெட்ரோவும் இருக்கும் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு கிடைத்தால், வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.