பல் கிளினிக்குக்குப் பகுதிநேர நிர்வாகத் தலைவர்: எப்படித் தேர்வது, எதை ஒப்படைப்பது

ஒரு கிளினிக் இருக்கும்வரை பல் பிடுங்குவது முதல், கேப் செய்து தரும் லேபின் பில் கட்டுவது வரை டாக்டரே பார்த்துவிடலாம். இரண்டாவது கிளை திறந்ததும் அது நடக்காது. முழுநேர ஆபரேஷன்ஸ் ஹெட்டுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாத அந்தக் கட்டத்தில், வாரம் ஒன்றரை நாள் வரும் அனுபவசாலி ஒருவர் போதும். ஆனால் ஆளைத் தேடும் முன், எந்த முடிவுகளை அவரிடம் விடப்போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். ஆள் கெட்டிக்காரராக இருந்தும் இந்த ஏற்பாடு படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம், டாக்டர் எதையும் கைவிடாததுதான்.

முதல் வேலை, ஒரு மாதக் கணக்கு. சிகிச்சைக்கு உட்காரும் சேர் மூன்று, தினம் 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் கையிருப்பு 624 மணி நேரம். அதில் 400 மணி நேரம்தான் நோயாளி உட்கார்ந்திருந்தார் என்றால் 64 சதவீதம். மீதி எங்கே போனது என்பதை ரிசப்ஷன் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்: அப்பாயின்ட்மென்டுக்கு வரவில்லை, முந்தைய கேஸ் இழுத்தது, பொருளோ லேப் வேலையோ வரவில்லை, யாரும் புக் செய்யவே இல்லை.

லேப் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேப் மாட்ட வந்தவருக்குத் தற்காலிகக் கேப்பைக் கழற்றிய பிறகுதான் லேபிலிருந்து கேப் வர வேண்டிய கவர் வரவில்லை என்பது தெரிகிறது. 45 நிமிடம் வீண். அரை நாள் லீவு போட்டு வந்தவருக்கும் எரிச்சல். தீர்வு ஒரு ரெஜிஸ்டர்: பல்லின் அளவை (அச்சை) லேபுக்கு அனுப்பிய தேதி, வர வேண்டிய தேதி, வந்த தேதி, ஷேடு (பல்லின் நிறம்), திருப்பி அனுப்பினால் காரணம். தினமும் மாலை 5 மணிக்கு நாளைய பட்டியலையும் வந்திருக்கும் கவர்களையும் ஒத்துப் பார்த்து, வராதவற்றுக்கு அப்போதே நோயாளிக்குப் போன் செய்ய வேண்டும். திருப்பி அனுப்பிய காரணங்களில் 'மார்ஜின் (கேப் உட்காரும் பல் விளிம்பு) தெரியவில்லை' என்பதே அடிக்கடி வந்தால், தவறு அளவு எடுத்தவர் கையில் இருக்கிறது, லேபை மாற்றிப் பயனில்லை. இதை டாக்டரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஆள்தான் வேண்டும்.

பல் மருத்துவம் படித்தவராக இருக்கத் தேவையில்லை. மருத்துவமனையிலோ, பரிசோதனைக் கூடங்களிலோ ஷிப்டுகளை நடத்தியவராக இருக்கட்டும். நேர்காணலில் பெயர்களை மறைத்த ஒரு வார அப்பாயின்ட்மென்ட் தாளையும் மூன்று மாத லேப் பில்களையும் கொடுத்து ஒரு மணி நேரம் விடுங்கள். அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். எடுத்தவுடனே விளம்பரம் பற்றிப் பேசினால் வேண்டாம்.

ஊதியம் நிலையான தொகையாகவே இருக்கட்டும். வசூலில் சதவீதம் ஒருபோதும் கூடாது. ஃபில்லிங்கில் முடியும் பல்லுக்கும் கேப் விற்கும் நெருக்கடி மெல்ல ஊழியர்கள் தலையில் இறங்கும். ஊக்கத்தொகை கொடுத்தே ஆக வேண்டுமானால், காத்திருப்பு நேரம் குறைவதற்குக் கொடுங்கள். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், அவர் பில்லில் போடும் 18 சதவீதத்தை நீங்கள் பொதுவாக உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அவர் ஜிஎஸ்டி போடுபவரானால், 40,000 ரூபாய் பேசினால் 47,200 செலவாகும் என்று கணக்கு வையுங்கள்.

ஷிப்ட், விடுப்பு, லேப் தேதி, ஒரு வரம்புக்குள் பொருள் வாங்குவது ஆகியவை அவருடையவை. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் (ஏஇஆர்பி) தரும் உரிமம், மருத்துவக் கழிவு ஒப்பந்தம் ஆகியவற்றின் புதுப்பிப்புத் தேதிகளும் அவர் காலண்டரில் இருக்கட்டும். கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் பதிவேட்டை அவர் சரிபார்க்கலாம். கிருமிநீக்கத்துக்குப் பொறுப்பு டாக்டர்தான். சிகிச்சைத் திட்டத்தில் அவருக்கு வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு அசிஸ்டென்ட், "சார் வியாழன்தானே வருவார்" என்று டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்புவார். டாக்டர் பதில் போட்ட நொடியில் பழைய பழக்கம் திரும்பிவிடும். அதனால் நிர்வாகத் தலைவர் வராத நாட்களுக்கு மூத்த ரிசப்ஷனிஸ்ட் ஒருவரைப் பொறுப்பாக்கி, எல்லாச் செய்தியையும் அந்த ரிசப்ஷனிஸ்டிடமே திருப்புங்கள்.

முதல் 30 நாள் பார்த்துக் குறிப்பெடுப்பது மட்டும். அடுத்த 60 நாளில் ஒரே ஒரு கோளாறைச் சரிசெய்வது. லேப் அல்லது வராதவர்கள், எது அதிக மணி நேரம் தின்கிறதோ அது. அதில் கடைசி ஒரு மாதம் அதே நோட்டில் அதே கணக்கை மறுபடி எடுங்கள். மணி நேரம் நகரவில்லை என்றால் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, மென்பொருளில் அவருக்குக் கொடுத்த தனி லாகினைக் கடைசி நாளே மூடிவிடுங்கள்.