உதவித்தொகை வரவில்லையா? பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையோ, வேலை போனவர்களுக்கான உதவித்தொகையோ வரவேண்டிய தேதியில் வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் போனை எடுத்து "பணம் ஏன் இன்னும் வரவில்லை" என்றுதான் கேட்கிறோம். "ப்ராசஸில் இருக்கிறது, காத்திருங்கள்" என்று பதில் வரும். அதை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்தப் பதிலில் உங்களுக்குப் பயன்படும் தகவல் ஒன்றுகூட இல்லை.

பணம் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான். விண்ணப்பத்தின் மீது முடிவே எடுக்காமல் இருக்கலாம். முடிவாகியும் பணத்தை விடுவிக்காமல் இருக்கலாம். அனுப்பிய பணம் வங்கியில் ஏறாமல் திரும்பிப் போயிருக்கலாம். அல்லது வந்துகொண்டிருந்த தொகையை ஏதோ காரணத்தால் நிறுத்திவைத்து, அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராமலே போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தட்டவேண்டிய கதவு வேறு. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: என் விண்ணப்பத்தில் முடிவெடுத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில்? பணம் அனுப்பியாகிவிட்டதா, எந்தக் கணக்குக்கு, கடைசி நான்கு எண் என்ன? என்னிடமிருந்து ஏதாவது ஆவணம் பாக்கி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் "தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால், தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

அதற்கு முன்னால் இன்னொன்று. உண்மையிலேயே தாமதம்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல திட்டங்களில் காத்திருப்புக் காலம் விதியிலேயே இருக்கிறது. பிரிட்டனில் வேலையில்லாதவர்களுக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் தரும் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையில் முதல் தொகை வர வழக்கமாக 5 வாரம் ஆகும். அமெரிக்காவில், வேலை செய்து சமூகப் பாதுகாப்பு வரி கட்டியவர்கள் மாற்றுத்திறனாளியானால் தரும் எஸ்எஸ்டிஐ திட்டத்தில், உடல்நிலையால் வேலை செய்ய முடியாமல் போன பிறகு பெரும்பாலானோருக்கு முழுதாக 5 மாதம் கழிந்த பின்தான் தொகைக்கான தகுதியே தொடங்குகிறது. விதிப்படியான காத்திருப்பு என்றால் எத்தனை புகார் போட்டாலும் பணம் நகராது, அந்த நேரத்தை இடைக்கால உதவி தேடுவதில் செலவிடுங்கள்.

அடுத்து வங்கி. "அனுப்பிவிட்டோம்" என்று அலுவலகமும் "வரவில்லை" என்று வங்கியும் சொன்னால், கணக்கு எண், பெயரின் எழுத்து, கணக்கு முடங்கியிருக்கிறதா என்ற மூன்றையும் சரிபாருங்கள். அடையாள அட்டையில் முதலெழுத்து பின்னால், பாஸ்புக்கில் முன்னால் என்று இருந்தால்கூட சில இடங்களில் சிக்கலாகிவிடும். இந்தியாவில் ஆதார் வழியாக வரும் தொகை என்றால் இன்னும் கவனம் தேவை: விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்குக்குப் போகாமல், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குப் போய்விடும். பணம் காணோம் என்று தேடுபவர்கள், எப்போதோ தொடங்கி மறந்துபோன பழைய கணக்கையும் ஒருதடவை பார்த்துவிடுவது நல்லது.

நிறுத்திவைப்புதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் பாதிக்கப்பட்டவருக்கே கடைசியில்தான் தெரியவருகிறது. ஆயுள் சான்று கொடுக்கவில்லை, மருத்துவ மறுபரிசோதனைக்குக் கூப்பிட்ட கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது, சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது என்று காரணம் சின்னதாகத்தான் இருக்கும். முகவரியோ செல்பேசி எண்ணோ மாறினால் அன்றே தெரிவித்துவிடுங்கள். வேலையின்மை உதவித்தொகையில், வாரத்துக்கு அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை "இன்னும் வேலை கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று பதிவு செய்யச் சொல்லும் திட்டங்கள் நிறைய. பணம்தான் வரவில்லையே, எதற்குப் பதிவு என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்! பிறகு உங்களுக்குச் சாதகமாக முடிவு வந்தாலும், பதிவு செய்யாத வாரங்களுக்குப் பணம் கிடைக்காமல் போகலாம்.

எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள், புகார் எண் என்ன என்று ஒரே நோட்டில் எழுதிவாருங்கள். போனில் பேசி முடித்ததும் "இன்று பேசியபோது இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சலோ கடிதமோ அனுப்பிவிடுங்கள். நேரில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள், அசல் சான்றிதழை யார் கேட்டாலும் நகலைத்தான் கொடுங்கள், அசலைக் காட்டினால் போதும்.

நிராகரித்துக் கடிதம் வந்தால் கதை வேறு. புகார் வேறு, மேல்முறையீடு வேறு. புகார் கொடுத்துவிட்டோம் என்று காத்திருப்பவர்களுக்கு மேல்முறையீட்டுக் கெடு சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் மறுபரிசீலனை கேட்க முடிவின் தேதியிலிருந்து 1 மாதம், அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் கடிதம் கிடைத்ததிலிருந்து 60 நாள். ஆவணம் முழுதாகச் சேரவில்லை என்றாலும் கெடுவுக்குள் மேல்முறையீட்டைப் போட்டுவிட்டு, "மருத்துவ அறிக்கை பின்னால் வருகிறது" என்று அதிலேயே எழுதிவிடலாம்.

கீழ்மட்டத்தில் நகரவில்லை என்றால் மேலே போகவேண்டியதுதான். மேலதிகாரி, அப்புறம் குறைதீர் அமைப்பு, அப்புறம் மக்கள் பிரதிநிதியின் அலுவலகம். இந்தக் கடைசி வழியைப் பலர் வீணென்று நினைக்கிறார்கள், ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொகுதி மக்களின் இப்படிப்பட்ட சிக்கல்களை அரசுத் துறையிடம் கேட்பதை உறுப்பினர்களின் அலுவலகங்கள் வழக்கமான வேலையாகவே செய்கின்றன. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, பொதுவாக 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அதில் "ஏன் தாமதம்" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, கோப்பில் என்ன குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது, அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். மனு எதுவாக இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். விண்ணப்ப எண், தேதிகள், எங்கே நிற்கிறது, என்ன வேண்டும், அவ்வளவு போதும். உயிர்காக்கும் மருந்து நின்றுபோகும், வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலை என்றால் அதை முதல் வரியிலேயே எழுதி, நோட்டீஸையோ மருந்துச் சீட்டையோ இணையுங்கள். அவசர வழக்குகளை முன்னால் எடுக்கும் ஏற்பாடு சில திட்டங்களில் உண்டு, ஆனால் நீங்கள் கேட்டால்தான் எடுப்பார்கள்.

இடைப்பட்ட நாட்களுக்கு முன்பணம் உண்டா என்று கேளுங்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் உண்டு, ஆனால் அது கடன், பின்னால் வரும் தொகையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். வாடகை, மின்கட்டணம், கடன் தவணை இவற்றுக்கு, கெடு தாண்டுவதற்கு முன்பே அவர்களிடம் பேசி, உதவித்தொகை நிலுவையில் இருப்பதற்கான கடிதத்தைக் காட்டி அவகாசம் கேளுங்கள். தவணை தவறிய பிறகு கேட்பதைவிட அப்போது கேட்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

"கொஞ்சம் பணம் கொடுத்தால் சீக்கிரம் விடுவித்துத் தருகிறேன்", "ஓடிபி சொல்லுங்கள், இப்போதே ஏறிவிடும்" என்று யாராவது போன் செய்தால் உடனே துண்டித்துவிடுங்கள். பணமில்லாமல் தவிப்பவர்களைக் குறிவைத்தே இவர்கள் வருகிறார்கள்.

பணம் வந்த அன்று கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். தகுதி எந்தத் தேதியில் தொடங்கியது, நிலுவை அந்தத் தேதியிலிருந்து வந்திருக்கிறதா, நடுவில் எந்த மாதமாவது விடுபட்டிருக்கிறதா? மொத்தமாக வரும் நிலுவை, வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத் தரப்படும் வேறு உதவிகளைப் பாதிக்கலாம். அமெரிக்காவில் வருமானமும் சொத்தும் குறைவாக உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தரும் எஸ்எஸ்ஐ திட்டத்தில் இப்படி வந்த நிலுவையை 9 மாதம் வரை சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, உங்கள் திட்டத்தில் என்ன விதி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தவறுதலாகக் கூடுதல் தொகை ஏறியிருந்தால் செலவழிக்காமல் அப்படியே வைத்து உடனே தெரிவியுங்கள், பின்னால் திருப்பிக் கேட்பார்கள்.