ரேடியேட்டர் மூடியில் கை வைக்கும் முன்: எஞ்சின் கூலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டி சூடேறி நின்றால் முதலில் பானட்டைத் திறப்பது, அடுத்து ரேடியேட்டர் மூடியைத் திருகுவது, அப்புறம் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றுவது. இதே வரிசையில் செய்பவர்களைச் சாலையோரத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தப் பழக்கம் மோட்டார் வண்டியோடு கூடப் பிறந்தது. 1888இல் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை வண்டியை ஓட்டிப் போனபோது வழிநெடுக நின்று நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் போனார். அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் எஞ்சினைக் குளிர வைத்தது, ஆகவே குறைந்தால் ஊற்ற வேண்டியதுதான். இன்றைய வண்டிகளில் ஓடுவது மூடிய சுற்று, அதுவும் அழுத்தத்தில் இருக்கும் சுற்று. ஊற்றியது உள்ளேயே இருக்க வேண்டும். இதை மறந்து, வாளியில் தண்ணீர் குறைந்தால் நிரப்புகிற மாதிரியே நடந்துகொள்வதால் வருகிற தவறுகள்தான் நிறைய.

சூட்டோடு சூடாக மூடியைத் திறப்பது

மூடி என்று சொல்கிறோமே தவிர அது ஒரு ஸ்பிரிங் வால்வு. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதில் கூலன்ட் என்ற திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் 106, 107 வரை தாங்கும். அதே கலவையை ஏறக்குறைய ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். அதாவது உள்ளே 115 டிகிரியில் இருக்கும் திரவம் கொதிக்காமல் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதென்றால் அதை அடக்கி வைத்திருப்பது அந்த மூடி மட்டும்தான். நீங்கள் திருகிய அந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது, மொத்தமும் ஒரே நேரத்தில் கொதிக்க ஆரம்பிக்கிறது, தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். அந்த இடம் உங்கள் முகமும் மார்பும் இருக்கிற பக்கம். குக்கரில் ஆவி அடங்காமல் மூடியைத் தொடாத ஆளே இங்கே அவசரப்படுகிறார்.

எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆனதும் ஆறிவிட்டது என்று நினைப்பதும் தவறு. நிறுத்தியதும் வாட்டர் பம்பும் நின்றுவிடுகிறது, ஆனால் எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டில் இருக்கும் சூடு எங்கும் போகவில்லை, அது நின்றுபோன கூலன்ட்டில் இறங்குகிறது. அதனால் முதல் சில நிமிடங்களில் உள்ளே வெப்பம் ஏறவே செய்யும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பாருங்கள். தடித்த துணியை வைத்து அமுக்கும்போது பந்து மாதிரி விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. தொட்டால் சுடாமல், அமுக்கினால் தளர்வாக இருக்க வேண்டும். அப்போதும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, துணியைப் போட்டு மூடி, முதல் தடை வரை மட்டும் திருப்பி, சீறல் சத்தம் முழுக்க நின்ற பிறகு அமுக்கித் திறக்கலாம். திருகு மூடி உள்ள பிளாஸ்டிக் தொட்டி என்றால் இன்னும் நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்று, எலெக்ட்ரிக் ஃபேன். எஞ்சின் நின்ற பிறகும் அது தானாகச் சுற்றக்கூடிய வண்டிகள் நிறைய இருக்கின்றன. விரல், சட்டைக் கை, துப்பட்டா எதுவும் அதன் பக்கம் போக வேண்டாம்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்"

டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் கேஜின் ஊசி சிவப்பைத் தொட்டபிறகும் ஓட்டிக்கொண்டு போவதுதான் இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கும் தவறு. ஹெட் பெரும்பாலும் அலுமினியம், அதற்குக் கீழே இருக்கும் பிளாக் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் விரிகிற அளவு வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு. இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருப்பதால் அளவு மீறிய சூட்டில் ஹெட் வளைகிறது, நடுவில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் போய்விடுகிறது. வெறும் ஹோஸ் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை ஹெட்டைக் கழற்றுகிற வேலையாக மாற சில நிமிடங்கள் போதும்.

கேஜையும் முழுசாக நம்ப வேண்டாம். பல கார்களில் ஊசி ஒரு பெரிய வெப்ப வரம்பு முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுபவர் சும்மா பதறக் கூடாது என்று. ஆகவே அது நடுவை விட்டு நகர்ந்தாலே விஷயம் கொஞ்சம் முற்றிவிட்டது என்று அர்த்தம். இதைவிட மோசம், மேலே ஏறிய ஊசி திடீரென்று கீழே விழுவது. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். கூலன்ட் எல்லாம் வெளியே போய், சென்சார் திரவத்தில் இல்லாமல் காற்றில் நின்றுகொண்டிருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

ஊசி ஏறுகிறது, ஆனால் ஆவியோ கசிவோ இல்லை என்றால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். வெந்து போவீர்கள், ஆனால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குவதற்கு அவகாசம் கிடைக்கும். ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஒதுக்கி உடனே அணைத்துவிடுங்கள். அப்புறம் குளிர்ந்த தண்ணீரை எஞ்சின் மேல் கொட்டுவதோ, காலியாகிக் கொதிக்கிற எஞ்சினுக்குள் ஊற்றுவதோ கூடவே கூடாது. திடீரென்று குளிரும் உலோகம் விரிசல் விடும்.

எதை ஊற்றுகிறோம்

கூலன்ட் என்றாலே குளிர வைக்கும் மருந்து என்று ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி, கூலன்ட்டின் முக்கியப் பொருளான கிளைகால் அதற்குப் பக்கத்தில்கூட வராது. கிளைகால் செய்வது கொதிநிலையை ஏற்றுவதும் உறைநிலையை இறக்குவதும். அதோடு கலந்திருக்கும் ரசாயனங்கள் துருவையும் அரிப்பையும் தடுக்கின்றன. அதனால் வெறும் தண்ணீரும் தவறு, தண்ணீரே கலக்காத கான்சன்ட்ரேட்டும் தவறு. நல்லதுதானே, கெட்டியாகவே இருக்கட்டும் என்று நேராக ஊற்றினால் எஞ்சின் இன்னும் சூடாகத்தான் ஓடும். குளிர் நாட்டில் இன்னும் வேடிக்கை: பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, ஆனால் கலக்காத எத்திலீன் கிளைகால் மைனஸ் 13 அருகிலேயே உறைந்துவிடும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஏற்கெனவே கலந்து விற்கும் ரெடி மிக்ஸில் மறுபடியும் பாதித் தண்ணீர் சேர்ப்பது. கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிடம் படித்தால் தீர்ந்தது.

கலக்கும் தண்ணீர் டிஸ்டில்ட் அல்லது டிமினரலைஸ்டு தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடான இடத்தில் உப்பாகப் படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். நடுவழியில் வேறு வழியே இல்லை, ஒர்க்‌ஷாப் வரை போக வேண்டும் என்றால் ஆறிய எஞ்சினில் குடிக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டு போவதில் தப்பில்லை. அதை அப்படியே ஆறு மாதம் விட்டுவைப்பதுதான் தப்பு.

நிறத்தைப் பார்த்து வாங்குவது பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த ரசாயனம் என்று எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான விதி கிடையாது. பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும், இரண்டு வருடத்தில் சத்து போய்விடும். ஆர்கானிக் அமில வகை ஐந்து வருடம் வரைகூட வரும். இரண்டும் கலந்த வகை தனி. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் பாதுகாப்புக் காலம் குறையும், சில ஜோடிகள் கூழாகித் திரண்டு மெல்லிய குழாய்களை அடைக்கும். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பைக்குகளில் பல கம்பெனிகள் சிலிகேட் இல்லாத கூலன்ட்டையே கேட்கும், பம்ப் சீல் தேயக் கூடாது என்பதற்காக. கனரக டீசல் எஞ்சின்களில் சிலிண்டரின் உள் உறையான லைனர் அதிர்வதால் குமிழிகள் உருவாகி வெடித்து உலோகத்தில் குழி பறிக்கும், அதைத் தடுக்கும் சேர்மானம் வேண்டும். மின்சாரக் கார் என்றால் பேட்டரிச் சுற்றில் கம்பெனி சொன்னதைத் தவிர ஒரு சொட்டுகூட வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். சூடான ஊரில் இது எதற்கு என்று சொல்லிக் கழற்றிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். என் பழைய கார் ஒன்றிலும் ஒருவர் கழற்றினார், நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு எஞ்சின் சூடேறவே நெடுநேரம் ஆனது, பெட்ரோல் அதிகம் குடித்தது, ஆயில் சீக்கிரம் கெட்டது. தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும், அதுவரை எஞ்சினைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. சில எஞ்சின்களில் அது முழுக்கத் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். அங்கே கழற்றிவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஓவர்ஹீட் கூடத்தான் செய்யும். பழுதானால் புதிது போடுங்கள், அது சின்னப் பொருள்தான்.

குறைகிறது, ஊற்றுகிறேன், குறைகிறது

மாதாமாதம் ஊற்றுவது பராமரிப்பு இல்லை. கூலன்ட் எங்கேயோ போகிறது. அளவை எப்போதும் ஆறிய எஞ்சினில், தொட்டியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பாருங்கள், சூட்டில் பார்த்தால் விரிந்து உயரமாகத் தெரியும். தரையில் ஈரமே இல்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, சீல் போனால் அதன் வழியாக வழிந்து காய்ந்து நிறக்கறை நிற்கும். காருக்குள் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாகி, கண்ணாடியில் இனிப்பு வாடையோடு படலம் படிந்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர். தொட்டியில் விடாமல் குமிழி, சூடான பின்னும் நிற்காத வெள்ளைப் புகை, பாலாடை மாதிரி மாறிய ஆயில் என்று பார்த்தால் ஹெட் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம். எஞ்சின் ஆறியதும் ஹோஸ் உள்ளே சப்பிக்கொண்டு கிடந்தால் மூடியில் உள்ள வெற்றிட வால்வு வேலை செய்யவில்லை. மூடியை மாற்றும்போது அதில் அச்சிட்ட அழுத்த அளவும் அதேதானா என்று பாருங்கள்.

கசிவை அடைக்கும் பவுடரோ திரவமோ எனக்குப் பிடிக்காது. ஓட்டை எது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது.

சூடேறும் நேரத்தை வைத்தே பாதி விஷயத்தைக் கண்டுபிடிக்கலாம். நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன், ரிலே, ஃபியூஸ் பக்கம் பாருங்கள். நெரிசலில் ஒன்றுமில்லை, வேகத்திலும் ஏற்றத்திலும்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது ஓட்டக் குறைவு. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேரும் பூச்சியும் தூசியும் வெளியிலிருந்து தெரியாது. அதைக் கழுவுகிறேன் என்று பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடையும். ஆறிய பிறகு மெதுவான தண்ணீரில், முடிந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்துக் கழுவுங்கள்.

பழையதை வடிப்பதும் புதியதை நிரப்புவதும்

எத்திலீன் கிளைகால் இனிக்கும், அதுதான் ஆபத்து. நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தை கையில் கிடைத்தாலும் அதே கதை. கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் பழுதாகும், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடமோ கால்நடை மருத்துவரிடமோ ஓட வேண்டும். குழாயில் வாய் வைத்து உறிஞ்சுவது, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது, சாக்கடையில் கொட்டுவது எதுவும் வேண்டாம். மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். வடிக்க வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்ட் போடாமல் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

நிரப்பும்போது அவசரப்பட்டால் உள்ளே காற்று சிக்கும். காற்றுக் குமிழி நின்ற இடத்தில் உலோகம் குளிராது, ஹீட்டரில் சூடு வராது, டேஷ்போர்டு பின்னால் களகளவென்று சத்தம் கேட்கும். காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, குமிழி இல்லாமல் திரவம் வந்ததும் மூடுங்கள். பிறகு எஞ்சினைச் சூடேற்றி, ஃபேன் தானாகச் சுற்றி அணைவதைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் அளவைப் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், சிக்கிய காற்று வெளியேறிய கணக்கு அது, நிரப்பிவிடுங்கள். அடுத்த வாரமும் இறங்கியிருந்தால் அது காற்று இல்லை, கசிவு.