மாடி டேங்க் சென்சார்: பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்க

வயர் இழுக்காமல் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்றால் மாடி டேங்கில் பேட்டரியில் ஓடும் சென்சார் ஒன்று, கீழே மோட்டார் பக்கம் ரிசீவர் ஒன்று. கீழே கரண்ட் இருக்கிறது, அதனால் எந்நேரமும் காது கொடுத்துக் கேட்கும் வேலை அதற்குத்தான். மேலே இருப்பது தூங்க வேண்டும். சேதி அனுப்பவும் வாங்கவும் வைக்கும் எஸ்எக்ஸ்1276 லோரா (குறைந்த பவரில் தூரம் போகும் ரேடியோ) சிப் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே 10 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அப்படி விட்டால் 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி பத்து நாளில் காலி.

சென்சாருக்கு மூளையாக இருக்கும் இஎஸ்பி32 சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். ஆனால் போர்டில் இருக்கும் பவர் எல்இடியும் யூஎஸ்பி சிப்பும் அதைப் போலப் பல மடங்கு தின்றுவிடும், எனவே அவை இல்லாத போர்டாக வாங்குங்கள். ஒலி அலையால் தண்ணீர் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்கான கரண்டையும் அளக்கும் நேரம் தவிர மாஸ்ஃபெட் (சிப் சொல்கிறபடி கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து வெட்டிவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். சாதாரண நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். கடைசியாக அனுப்பியதிலிருந்து 5 செ.மீ. மாறியிருந்தால் மட்டும் அனுப்பட்டும், மாறாவிட்டாலும் மணிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு சேதி. மட்டம் 30 சதவீதத்துக்குக் கீழே போனதும், மோட்டார் ஓடப்போகிறது என்று சென்சாருக்கே தெரியுமே, யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதுவே 20 விநாடிக்கு ஒருமுறை அளந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பட்டும், 90 சதவீதம் வந்ததும் பழையபடி தூங்கட்டும். நடுவில் கரண்ட் போய்விட்டால்? 15 நிமிடம் மட்டம் ஏறவே இல்லை என்றால் அதுவே மெதுவான முறைக்குத் திரும்பும்படி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பவர் கட் நாளில் பேட்டரி வீணாகும்.

இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் தேவையில்லாத அலைவரிசை. ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை (சேதியை எவ்வளவு நீட்டி, தூரம் போகும்படி அனுப்புவது என்ற லோரா அமைப்பு) 7-லேயே வையுங்கள்: 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 10 பைட் சேதிக்கு 41 மில்லி விநாடிதான் ஆகும், 12 வைத்தால் கிட்டத்தட்ட ஒரு விநாடி. ஒரே வீட்டுக்குள் அது எதற்கு?

அப்புறம் பாதுகாப்பு, அது முழுக்கக் கீழே உள்ள ரிசீவரின் பொறுப்பு. மோட்டார் தானாக ஓடும்போது 3 நிமிடம் சேதி வரவில்லையா, நிறுத்து. சேதி வருகிறது ஆனால் மட்டம் 10 நிமிடமாக ஏறவில்லையா, சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், அப்போதும் நிறுத்து. ரிசீவரின் ரிலேயை (சிறிய மின் சுவிட்ச்) நேராக மோட்டாரில் கோக்காமல் கான்டாக்டர் (மோட்டாரின் பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) வழியாக எலக்ட்ரீஷியனை வைத்துக் கொடுங்கள். மேலே மாட்டுவதற்கு முன் மோட்டார் ஓடும்போதே சென்சார் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள், மோட்டார் தானாக நின்றால்தான் மாட்டலாம்.