பி.ஜி. சீட் கணக்கில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மேல்வீட்டுப் பெண் எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதியவள். சீட் ஒதுக்கும் கவுன்சலிங் சமயத்தில் ஒரு நாள் ராத்திரி போனும் கையுமாக மூச்சிரைக்க இறங்கி வந்தாள். "அங்கிள், ரேடியாலஜியே கிடைச்சிடும் போல! என் ரேங்குக்கு ரொம்பப் பின்னாடி இருக்கிறவங்களுக்குப் போன வருஷம் குடுத்திருக்காங்க." கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ.யின் பழைய கட்-ஆஃப் பி.டி.எஃப். அது. எறும்பு வரிசை போல எழுத்து. அந்த வரியைப் பெரிதாக்கி ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். என்.ஆர்.ஐ. சீட், அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு. அதே கல்லூரி, அதே பாடம், அரசு ஒதுக்கீட்டு வரி கொஞ்சம் மேலேயே இருந்தது. அங்கே கடைசி ரேங்க் எங்கோ முன்னால் நின்றது. பாவம், அவளுக்கு அப்புறம் பேச்சே வரவில்லை.

ஒரு தனியார் கல்லூரி என்றால் பட்டியலில் ஒரு வரி என்று நினைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. அரசு ஒதுக்கீடு, தனியார் ஒதுக்கீடு, என்.ஆர்.ஐ., நிர்வாக ஒதுக்கீடு என்று ஒரே பாடம் பல வரியாக உடைந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் கட்டணமும் வேறு, கடைசி ரேங்கும் வேறு. அதற்குள் ஜி.எம். என்கிற பொதுப் பிரிவு, 2ஏ, 3பி என்கிற பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகள் என்று கர்நாடகத்துப் பிரிவுகள். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கவே கூடாது. எந்தச் சுற்று என்பதையும் பாருங்கள். முதல் சுற்றின் கடைசி ரேங்க் வேறு, எல்லாரும் எடுத்தும் விட்டும் போனபின் ஸ்ட்ரே சுற்றில் மிஞ்சும் சீட்டின் ரேங்க் வேறு. இரண்டையும் கலந்தால் கிடைப்பது கணக்கல்ல, ஜோசியம்.

'கட்-ஆஃப்' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கவுன்சலிங்குக்கு வரத் தேவையான குறைந்தபட்ச அளவான தகுதி பெர்சன்டைலையும் கட்-ஆஃப் என்கிறார்கள், சீட் முடிந்த கடைசி ரேங்கையும் கட்-ஆஃப் என்கிறார்கள். 2023இல் தகுதி பெர்சன்டைலைப் பூஜ்யத்துக்கே இறக்கினார்கள். அதனால் தோல் மருத்துவமும் ரேடியாலஜியும் மலிந்துவிடவில்லை. ஆள் சேராமல் கிடந்த இடங்களுக்கு வழி திறந்தது, அவ்வளவுதான்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலும் தவறுகிறோம். மல்லேஸ்வரத்தில் இருக்கும் கே.இ.ஏ. கையில் மாநிலக் கவுன்சலிங்கில் வரும் இடங்கள் மட்டும்தான். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு. அதுவும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் டெல்லியிலுள்ள மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்.சி.சி. கவனிப்பில் நிரம்புகின்றன. ஓசூர் ரோட்டில் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிமான்ஸைத் தாண்டித் தினமும் போகிறோமே, அது கே.இ.ஏ. பட்டியலில் எங்கும் வராது. அதற்கு ஐ.என்.ஐ. சி.இ.டி. என்று தனித் தேர்வு, எய்ம்ஸ் நடத்துகிறது. தேர்வு மதிப்பெண் விவரம் வேண்டுமென்றால் நீட் பி.ஜி. நடத்தும் தேசியத் தேர்வு வாரியம். ஜெயநகரிலுள்ள ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சீட் ஒதுக்கீட்டைக் கேட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னோடு இணைந்த கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் கணக்கு அங்கே இருக்கும், ஒதுக்கீடு அங்கே நடப்பதில்லை.

வெளியிட்ட பட்டியலில் இல்லாததற்குத்தான் தகவல் உரிமைச் சட்டம். என் முதல் மனு திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மேல்வீட்டுப் பெண் பட்ட பாடு, ஏஜென்டுகள் கேட்ட தொகை, நாட்டு நடப்பு, கடைசியில் ஏழு கேள்வி. நான் வைத்த பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரையே பின் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது. விதியைப் படித்தபின் தவறு என்மேல்தான் என்று தெரிந்தது. கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், அதுவும் சாதாரணமாக 150 சொல்லுக்குள். ஏன் கேட்கிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டியதில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நான் 150 சொல்லையும் காரணத்துக்கே கரைத்திருந்தேன்.

மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலம், இந்தி, அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழி, இந்த மூன்றில் ஒன்றில் எழுதலாம். ஆகவே இங்கே கன்னடம். தமிழில் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த தமிழ்நாட்டு கோர்ட் ஃபீ ஸ்டாம்பையும் இங்கே ஒட்டாதீர்கள்.

இவற்றைவிடப் பெரிய தவறு, 'ஏன்' என்று கேட்பது. 'ஏன் அந்த சீட்டை அவருக்குக் கொடுத்தீர்கள்?' என்றால் பதில் வராது. இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க முடியும். புதிதாகக் கணக்குப் போட்டுத் தரவோ விளக்கம் சொல்லவோ அலுவலகத்துக்குக் கடமையில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 'இன்ன ஆண்டு, இன்ன சுற்று, திரும்ப ஒப்படைக்கப்பட்ட சீட்டுகளின் பட்டியல் நகல்' என்று கேளுங்கள்.

பெயர் கேட்காதீர்கள். தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, 2025 நவம்பரில் திருத்தம் அமலானபின் இன்னும் இறுகிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறதுதான். ஆனால் அதை வாதாடி வெல்ல வருஷக்கணக்காகும். ரேங்க், பிரிவு, ஒதுக்கீடு, சுற்று, சேர்ந்த தேதி, இவை போதும். முறைகேடு என்று ஏதாவது இருந்தால் பெயர் இல்லாமலேயே இவற்றில் தெரியும்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் மறுத்ததாகத்தான் பொருள். மறுபடி புது மனு போடுவது வீண் வேலை. அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். இந்த நாள்கணக்கைப் பார்த்தாலே புரியும், நடக்கிற கவுன்சலிங்குக்கு இந்த வழி உதவாது. சுற்றுக்குச் சுற்று சில நாட்கள்தான் இடைவெளி. அடுத்த வருஷத்துக்காக இந்த வருஷக் காகிதத்தைச் சேர்க்கிற வேலை இது.

பழைய காகிதத்திலும் ஒரு எச்சரிக்கை. மருத்துவ மேற்படிப்பில் இருப்பிடத்தை வைத்து இடஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நிறுவனத்தில் படித்தவர்களுக்கான முன்னுரிமைக்கு மட்டும் ஓரளவு இடம் விட்டது. அதற்கு முந்தைய பட்டியலை வைத்து 'நமக்கு இங்கே கிடையாது' என்று தமிழ்நாட்டில் படித்த பிள்ளைகள் தாமே முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தந்த ஆண்டின் தகுதி விதியைப் படித்துவிட்டுத்தான் பட்டியலைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது மனுவை அந்தப் பெண்ணே எழுதினாள். நாலே வரி. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, கட்டினோம். நகல்கள் வந்த அன்று மொட்டை மாடியில் உட்கார்ந்து, என்.ஆர்.ஐ. வரிகளையெல்லாம் முதலில் சிவப்புப் பேனாவால் அடித்தாள்.