குதிரைப்படைப் பயிற்சி முகாமில் ஒரு நாள்: புதிய வீரர் செய்ய வேண்டியவை

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அந்தப் போரில் வட மாநிலங்களின் குதிரைப்படையில் சேர்ந்த இளைஞர்களில் பலர் அதற்கு முன் குதிரையேறிப் பழகாதவர்கள். போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தப் படைக்கு 2,84,000 குதிரைகள் வழங்கப்பட்டன. ஆனால் அந்தக் காலத்தில் ஒரே சமயத்தில் களத்தில் இருந்த குதிரைவீரர்களின் எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டிற்குத் துப்பாக்கிக் குண்டுகள் மட்டும் காரணமல்ல. புண்பட்ட முதுகு, தேய்ந்த குளம்பு, நேரம் தவறிய தீனி, பழகாத கைகள் ஆகியவை பெருந்தொகையான குதிரைகளை வீணாக்கின. 1863 ஜூலையில் குதிரைப்படைக்கென்று தனி நிர்வாகப் பிரிவையே அரசு ஏற்படுத்த வேண்டியிருந்தது. ஆகவே, அன்றைய பயிற்சி முகாமில் பதினெட்டு வயது வீரர் ஒருவர் தம் நாளை எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்பதைக் குதிரையிலிருந்தே சொல்லத் தொடங்குகிறேன்.

விடியலில் ஊதுகொம்பு ஒலித்ததும் எழுந்து, உடுத்திக்கொண்டு, பெயர் அழைப்புக்கு வரிசையில் நில்லுங்கள். அது முடிந்தவுடன் வேறொரு மெட்டில் ஊதப்படுவது குதிரைப் பராமரிப்புக்கான அழைப்பு. உங்கள் காலை உணவு அதற்குப் பிறகுதான். முகாமில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெட்டு உண்டு. முதல் வாரத்திலேயே அவற்றைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பழகிய குதிரைகள் தீனிக்கான மெட்டைக் கேட்டதும் செவியை நிமிர்த்தி, கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். புதிய வீரர் தம் குதிரையைப் பார்த்தே மெட்டைக் கற்றுக்கொள்ளலாம்.

குதிரைகள் நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். உங்கள் குதிரையைப் பின்புறமாக, சத்தமில்லாமல் நெருங்காதீர்கள். பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாகச் செல்லுங்கள். முதலில் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, இடுக்கில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் நீக்குங்கள். லாடத்தின் ஆணி தளர்ந்திருந்தால் அப்போதே கொல்லரிடம் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று விடுபவர் அன்று மாலை நொண்டும் குதிரையோடு நடந்து திரும்புவார். பிறகு இரும்புச் சீப்பால் காய்ந்த சேற்றைத் தளர்த்தி, தூரிகையால் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே அழுத்தித் தேயுங்கள். கால்களிலும் முகத்திலும் எலும்பு தோலுக்கு அருகில் இருப்பதால் அங்கே இரும்புச் சீப்பு படக் கூடாது.

தண்ணீர் முதலில், தானியம் பிறகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். குதிரைப்படைக் குதிரைக்கு நாளொன்றுக்கு விதிக்கப்பட்ட அளவு 12 பவுண்டு தானியமும் 14 பவுண்டு உலர்ந்த புல்லும் ஆகும். அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோ தானியமும் ஆறேகால் கிலோவுக்குச் சற்று மேல் உலர்ந்த புல்லும். விதித்த அளவு எப்போதும் வந்துசேர்ந்துவிடாது. வந்த தானியத்தை வாயில் மாட்டும் தீனிப்பையில் இட்டுக் கட்டுங்கள். தரையில் கொட்டினால் பாதி சேற்றோடு போய்விடும். ஓடி வியர்த்து நிற்கும் குதிரைக்கு உடனே தானியம் வைத்தால் வயிற்றுவலி வந்து அது செத்தே போகலாம். மூச்சு அடங்கி மார்பு குளிரும்வரை மெல்ல நடத்துங்கள்.

அடுத்து சேணம் கட்டுதல். இதை அவசரமில்லாமல் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முதுகுப்புண் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அன்று வழங்கப்பட்டது 1859-இல் ஏற்கப்பட்ட மெக்கெல்லன் சேணம். அதன் நடுவில் முதுகெலும்புக்கு நேராக ஒரு நீண்ட திறப்பு இருக்கும். சேணத்துக்கு அடியில் விரிக்கும் நீலக் கம்பளியை உதறி, முள்ளோ வைக்கோல் துணுக்கோ ஒட்டியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அதை ஆறு மடிப்பாக மடித்து, வைக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னதாகப் பிடரியை ஒட்டி வைத்து, பின்னோக்கி இழுங்கள். அப்போது அடியிலுள்ள மயிர் தன் திசையிலேயே படியும். அளவுக்கு மேல் பின்னால் போய்விட்டால் முன்னோக்கித் தள்ளாதீர்கள். முழுதாகத் தூக்கி மறுபடி வையுங்கள். முன்னோக்கித் தள்ளினால் மயிர் எதிர்த்து நிமிர்ந்து, சில மணி நேரச் சவாரியில் தோலை அறுத்துவிடும். சேணத்தை ஏற்றிய பின் வயிற்று வாரை ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். பல குதிரைகள் அந்த நேரத்தில் வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும். ஆகையால் சில அடிகள் நடத்திவிட்டு, ஏறுவதற்கு முன் வாரை இன்னொரு முறை சரிபாருங்கள்.

பயிற்சி தரையில்தான் தொடங்கும். நடை, திருப்பம், வாள்வீச்சு ஆகியவற்றைக் காலில் நின்று பழகிய பிறகே குதிரையின் மேல் அவற்றைச் செய்ய விடுவார்கள். அங்கவடியில்லாமல் ஏறி உட்காரச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள். தொடையாலும் இடுப்பாலும் சமநிலை காக்கும் பழக்கம் வேறெந்த வழியிலும் இவ்வளவு விரைவில் வராது. வளைந்த வாளைச் சுழற்றும்போது கூர்முனை எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். குதிரையின் காது வாள் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இறங்கிப் போரிடும் பயிற்சியை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். வரிசையில் நான்கு நான்காக எண்ணிக்கொள்வார்கள். முதல் மூவர் கார்பைன் எனும் குட்டைத் துப்பாக்கியோடு இறங்கி முன்னே ஓட, நான்காமவர் தம் குதிரையோடு மற்ற மூன்று குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். இதைச் சோம்பேறி வேலை என்று எண்ணிவிடாதீர்கள். குண்டுச் சத்தத்தில் மிரளும் நான்கு குதிரைகளை ஒருவரே கட்டுப்படுத்த வேண்டும். அவர் பிடி விட்டால் முன்னே போன மூவரும் திரும்பி ஏறக் குதிரையின்றி நிற்பார்கள்.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. உப்பிட்ட பன்றியிறைச்சி, காப்பி, கல்லைப் போன்ற சதுர ரொட்டி ஆகியவைதான் கிடைக்கும். ரொட்டியைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துச் சூடான காப்பியில் போடுங்கள். வண்டு இருந்தால் மேலே மிதந்து வரும், அதை எடுத்துவிட்டுச் சாப்பிடலாம். கழிப்பிடக் குழி சோம்பல்பட்டுத் தவிர்க்கக்கூடியதல்ல. அந்தப் போரில் இறந்த வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரை நோயே கொன்றது. முகாம்களில் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் பரவின. குடிநீரைக் குதிரைகள் நிற்கும் இடத்துக்கு மேல்புறமுள்ள நீரோட்டத்திலிருந்து எடுங்கள். சாதாரண வீரரின் சம்பளம் மாதம் 13 டாலர், 1864-இல் அது 16 டாலராயிற்று. அது பல மாதங்கள் தாமதமாகவும் வரும் என்பதால் கடன் வாங்கிச் சூதாடுவதிலிருந்து விலகியிருங்கள்.

மாலையில் சேணத்தைக் கழற்றும்போது, வாரைத் தளர்த்திச் சிறிது நேரம் சேணத்தை அப்படியே விட்டு, முதுகு மெதுவாகக் குளிர்ந்த பிறகு எடுங்கள். முதுகு முழுவதும் வியர்வையில் நனைந்திருக்க, ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது என்று பொருள். விரல்களால் அந்த இடத்தை மெல்ல அழுத்துங்கள். குதிரை நெளிந்தால், வீக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மறுநாள் அதன் மேல் ஏறாமல் கால்நடை மருத்துவம் தெரிந்த மூத்த வீரரிடம் காட்டுங்கள். பிறகு மறுபடி தேய்த்தல், தண்ணீர், தீனி.

இரவுக் காவல் வந்தால் இரண்டு மணி நேரம் நின்று, நான்கு மணி நேரம் ஓய்வெடுக்கும் முறையில் வரும். குதிரை வரிசையில் காவல் நிற்பவர் ஓரிடத்தில் சாய்ந்து நிற்காமல், மெல்லப் பேசியபடி வரிசை நெடுக நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு குதிரை கயிற்றில் காலைச் சிக்கவைத்துக்கொண்டால் கத்தாதீர்கள், மற்றவையும் மிரளும். ஒரு கையால் அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டைத் தளர்த்துங்கள். அடுத்த காவலர் வந்ததும் எல்லா முடிச்சுகளையும் அவரோடு சேர்ந்து ஒரு முறை தொட்டுப் பார்த்து, எந்தக் குதிரை தீனியை மிச்சம் வைத்தது, எது காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறது என்பதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கூடாரத்துக்குப் போய்ப் படுங்கள்.